ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன்: எந்த ஆலத்தூர்?

கல்தச்சர்_பேத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓர் ஊரைத் தேடி மூன்று மாதமாகத் திணறிக்கொண்டிருக்கிறேன். பெயர் தெரியும், இருக்கும் இடம் தெரியவில்லை. இங்கே கல்வெட்டில் பழக்கமுள்ள பெரியவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

கோயில் கட்டிய மனிதர்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரைத் தொடர் எழுத எண்ணம். கட்டச் சொன்ன அரசர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், கட்டியவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. என் தாத்தா கல் தச்சர். வாழ்நாளில் எத்தனையோ கோயில் திருப்பணிகளில் உளி பிடித்தார். ஒரு கோயிலில்கூட அவர் பெயர் கிடையாது. அதனால் கல்லில் பெயர் நின்ற ஒருவரிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன்.

அப்படிக் கிடைத்தவர்தான் சாத்தன் குணபத்தன். சோழ அரசி செம்பியன் மாதேவியார் தம் கணவர், சோழ மன்னர் கண்டராதித்தர் பெயரால் திருநல்லத்தில் எடுப்பித்த கற்றளியில், அதாவது கற்கோயிலில், கண்டராதித்தர் இலிங்கத்தை வழிபடும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. கண்டராதித்தர் வழிபடுவதாகவே அதன் கீழே எழுதியும் இருக்கிறது. அருகிலுள்ள இன்னொரு கல்வெட்டு, தேவியாரின் ஆணைப்படி இந்தக் கற்றளியைக் கட்டியவன் ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்கிறது. அரசரணசேகரன் என்பது அவனுடைய இன்னொரு பெயர். இராசகேசரி மூவேந்தவேளான் என்பது அவனுக்குக் கிடைத்த பட்டம்.

திருநல்லத்தைக் கண்டுபிடிப்பதற்கே எனக்குச் சில நாட்கள் பிடித்தன. தேவாரத்தில் உள்ள பெயர், வரைபடத்தில் இல்லை. இன்று அந்த ஊர் கோனேரிராஜபுரம். பெரிய நடராசர் செப்புத் திருமேனிக்காகப் பலரும் போய் வருகிற அதே ஊர். அது தெரிந்ததும் ஆலத்தூரும் எளிதில் கிடைத்துவிடும் என்று நம்பினேன். கிடைத்தது, ஒன்றல்ல, வரிசையாக! இவற்றில் எது அவருடைய ஊர்?

காவிரிக்கரை எழுதியது:

நல்ல கேள்வி. ஆலமரம் நின்ற இடமெல்லாம் ஆலத்தூர்தான் அம்மா. பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு வட்டமே அந்தப் பெயரில் இருக்கிறது. திருப்போரூர்ப் பக்கம் தொழிற்பேட்டை உள்ள ஆலத்தூர் ஒன்று. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒன்று. பாலக்காட்டுச் சீமையில் ஒன்று. சின்னச் சின்ன ஆலத்தூர்களையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு வரும்.

எங்கள் கோனேரிராஜபுரத்துக்கு அருகில் எது என்று பார்ப்பதுதான் முதல் வேலை என்று எனக்குப் படுகிறது.

மழநாட்டான் எழுதியது:

அம்மா, நீங்கள் தேடும் ஊர் எங்கள் ஊர்தான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. பெரம்பலூர் மாவட்டத்து ஆலத்தூர். திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் ஆலத்தூர் கேட் என்று பஸ்ஸில் கேட்டால் இறக்கிவிடுவார்கள்.

காரணம் சொல்கிறேன். செம்பியன் மாதேவியார் யார்? மழவரையர் மகளார் என்று கல்வெட்டுகளே சொல்கின்றன. மழநாடு எது? கொள்ளிடத்துக்கு வடகரை. எங்கள் பக்கம். பிறந்த வீட்டிலிருந்து வந்த அரசி, தான் நம்பும் ஆளைப் பிறந்த வீட்டுப் பக்கத்திலிருந்துதானே அழைத்திருப்பார்? அதுவும் கணவர் பெயரால் கட்டும் கோயில். அந்நியர் கையில் கொடுப்பாரா?

வருகிற பொங்கலுக்கு எங்கள் ஊரில் ஒரு மலர் வெளியிடுகிறோம். குணபத்தன் பெயரை அதில் போட்டு, ஊர் முகப்பில் ஒரு கல்லும் நடலாம் என்று இளைஞர்களிடம் பேசி வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து திறந்துவைக்க வேண்டும்.

பழங்கற்படி எழுதியது:

கல் நடுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள் தம்பி. கல்லில் ஏறிய பிழையை இறக்குவது பெரும்பாடு.

முதலில் பெயரைப் பிரிப்போம். சோழர் காலப் பெயரில் ஊர் முதலில் வரும், அடுத்து தந்தை, கடைசியில் ஆள். ஆகவே இவர் சாத்தனின் மகன் குணபத்தன். ஆலத்தூர் உடையான். இந்த ‘உடையான்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிறந்தவன் என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த ஊரில் நிலம் உடையவன் என்று பொருள். கிழான், கிழவன் என்பவையும் அப்படித்தான். நொபொரு கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி மூவரும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் தொகுத்து 1978இல் வெளியிட்டார்கள். அந்த மூன்று தொகுதிகளைப் புரட்டினால் எத்தனை உடையான்கள், எத்தனை வேளான்கள் என்று மலைப்பு வரும். இவர்களுக்கு ஊர் என்பது முகவரி என்பதைவிடத் தகுதி என்று சொல்வதே பொருந்தும்.

அடுத்தது பட்டம். சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் தரித்தவர்கள். கண்டராதித்தர் இராசகேசரி. சுந்தர சோழன் இராசகேசரி. உத்தம சோழன் பரகேசரி. அவனுக்குப் பின் 985இல் வந்த முதலாம் இராசராசன் மறுபடி இராசகேசரி. கோனேரிராஜபுரக் கற்றளி உத்தம சோழன் ஆட்சியைச் சேர்ந்தது. அவன் காலத்திலேயே பெற்ற பட்டமென்றால் பரகேசரி மூவேந்தவேளான் என்றல்லவா எதிர்பார்ப்போம்? ஆகவே இவர் அதற்கு முன்பே, கண்டராதித்தர் காலத்திலோ சுந்தர சோழன் காலத்திலோ பட்டம் பெற்ற மூத்தவராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்வெட்டு சற்றுப் பிந்தி வெட்டப்பட்டதென்றால் இராசராசன் காலத்துப் பட்டமாகவும் கொள்ளலாம்.

இதிலிருந்து திருப்போரூர் ஆலத்தூரைப் பின்னுக்குத் தள்ளலாம் என்பது என் கணிப்பு. 949இல் தக்கோலப் போரில் சோழர் தோற்றபின், திருப்போரூர் அடங்கிய தொண்டை மண்டலம் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் கையில் இருந்தது. கச்சியும் தஞ்சையும் கொண்டதாக அவன் கல்வெட்டுகள் பேசுகின்றன. அந்த ஆண்டுகளில் அங்கே நிலமுடைய ஒருவர் சோழ அரசரிடம் பட்டம் பெற்றுக் காவிரிக் கரையில் அரசியின் நம்பிக்கைக்குரியவராக இருந்தார் என்று கொள்வது கடினம். முடியவே முடியாது என்று சொல்லவில்லை, கடினம் என்கிறேன்.

குடைவரைப்பித்தன் எழுதியது:

பழங்கற்படி ஐயா சொன்னதைப் படித்ததும் எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. சாத்தனின் மகன் என்றீர்கள் அல்லவா? இதைக் கேளுங்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் மலையடிப்பட்டி. இரண்டு குடைவரைகள் உள்ள ஊர். அங்கே பல்லவன் தந்திவர்மனின் 16ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. விடேல்விடுகு முத்தரையன் என்ற பட்டம் கொண்ட குவாவன் சாத்தன் அந்த மலையைக் குடைந்து சிவனுக்குத் தளி எடுத்தான் என்கிறது. மலைக்கு அந்தக் கல்வெட்டு தரும் பெயர் திருவாலத்தூர் மலை.

ஆலத்தூர். சாத்தன். கல்லைக் குடைந்தவன். அவன் மகன் குணபத்தன் கற்றளி எடுப்பித்தான். இதைவிட வேறென்ன வேண்டும்?

கல்தச்சர்_பேத்தி எழுதியது:

ஐயா, எனக்குக் கை நடுங்குகிறது. தந்தை குடைவரை, மகன் கற்றளி! இது உறுதியானால் என் கட்டுரை முழுவதுமே இதைச் சுற்றித்தான்.

பழங்கற்படி எழுதியது:

வருத்தத்துடன் சொல்கிறேன், இது நிற்காது. தந்திவர்மன் அரியணை ஏறியது 8ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில். அவனுடைய 16ஆம் ஆண்டு என்றால் ஏறத்தாழ 812. கோனேரிராஜபுரம் 970க்குப் பின். இடையில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கிடக்கிறது. தந்தை மகன் உறவு எப்படி வரும்?

சாத்தன் என்பதும் அந்தக் காலத்தில் தெருவுக்கு நான்கு பேர் வைத்திருந்த பெயர். சங்க இலக்கியத்திலிருந்தே சாத்தன்கள் வரிசையாக வருகிறார்கள். குவாவன் சாத்தன் முத்தரையர் தலைவன். குடையச் செய்தவன் என்பதுதான் பொருள். கையில் உளி பிடித்ததாகக் கொள்ள முடியாது.

ஆனால் நண்பர் தோண்டியதில் ஒன்று பயனுள்ளது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தப் பகுதியில் ஆலத்தூர் என்ற பெயர் வழங்கியதற்கு அது எழுத்துச் சான்று. மற்ற ஆலத்தூர்களில் எதற்கு இவ்வளவு பழைய சான்று இருக்கிறது என்று அவரவர் காட்டட்டும். இன்று பலகையில் ஆலத்தூர் என்று இருப்பது, 10ஆம் நூற்றாண்டிலும் அங்கே அந்தப் பெயர் இருந்தது என்று ஆகாது.

குடைவரைப்பித்தன் எழுதியது:

ஆண்டுக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்றையும் யோசியுங்கள். கோனேரிராஜபுரம் வண்டல் மண். கும்பகோணத்தைச் சுற்றி எவ்வளவு ஆழம் தோண்டினாலும் களிமண்ணும் மணலும்தான் வரும், பாறை வராது. அங்கே நிற்கிற ஒவ்வொரு கருங்கல்லும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வண்டியேறி வந்தது. கல்லைத் தெரிந்த ஆள் கல் இருக்கும் நாட்டிலிருந்துதான் வந்திருப்பான். தந்தை மகன் என்பதை விடுகிறேன், எங்கள் பக்கத்தை விடமாட்டேன்.

மழநாட்டான் எழுதியது:

கல் எங்கள் பக்கத்திலும் இருக்கிறது ஐயா.

நில_அளவை எழுதியது:

முப்பது ஆண்டுகள் நில அளவைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். கல்வெட்டு எனக்குத் தெரியாது, ஊர் தெரியும். நீங்கள் எல்லோரும் ஊரைத் தேடும் முறையில் ஒரு கோளாறு இருப்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் இணைய வரைபடத்தில் ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கேயே பாதி தொலைந்தது. ஆங்கில எழுத்தில் எழுதினால் ஆலத்தூரும் அளத்தூரும் ஆளத்தூரும் ஒன்றாகிவிடும். அளம் என்றால் உப்பளம். ஆல் என்றால் மரம். இரண்டும் இரண்டு ஊர். பழைய கல்வெட்டுத் தொகுதிகளில் நெடிலுக்கு மேல் கோடு, ளகரத்துக்குக் கீழ் புள்ளி என்று கவனமாகவே அச்சிட்டிருப்பதாக என் மருமகள் காட்டினாள். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர்கள் கோட்டையும் புள்ளியையும் விட்டுவிட்டார்கள். அதனால் தமிழ் எழுத்தில் உள்ள பட்டியலை மட்டும் பாருங்கள்.

அடுத்தது, பஸ் நிற்கிற ஊர் வேறு, வருவாய்க் கிராமம் வேறு. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் உட்கடை என்கிற சிற்றூர்கள் நாலைந்து இருக்கும். பழைய பெயர் சில சமயம் உட்கடைக்குப் போய் ஒதுங்கிவிடும், புதுப் பெயர் தலைமை ஊருக்கு வந்துவிடும். இதையும் தாண்டி ஒன்று உண்டு. எங்கள் துறையில் பேச்சிராக் கிராமம் என்போம். கணக்கில் ஊர் இருக்கும், எல்லைக்கல் இருக்கும், பெயர் இருக்கும், ஆனால் ஒரு வீடுகூட இருக்காது. பஞ்சமோ வெள்ளமோ கொள்ளைநோயோ வந்து சனம் எழுந்து போயிருக்கும். வயல் மட்டும் பக்கத்து ஊர்க்காரர் கையில் இருக்கும். காவிரிப் படுகையில் அப்படிப்பட்ட ஆலத்தூர் ஒன்று இருந்து, அதன் பெயர் ஒரு வாய்க்காலுக்கோ ஒரு வயற்பரப்புக்கோ மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால், எந்த இணைய வரைபடத்திலும் அது வராது.

பணியில் இருந்தபோது ஒரு கிராமத்தில் எல்லைத் தகராறு. இரண்டு தரப்பும் பத்திரத்தைக் காட்டிச் சண்டை போட்டார்கள். ஒரு பாட்டி வந்து, ‘அந்த மேட்டுக்குப் பேரு பழைய ஊரு, எங்க மாமியார் அங்கதான் விளக்கு வைக்கும்’ என்று சொன்னார். போய்ப் பார்த்தோம். நத்தம் மேடு, அதாவது பழைய குடியிருப்பு இருந்த மேடு. ஓட்டுச் சில்லு கொட்டிக் கிடந்தது. ஆவணத்தில் இல்லாத ஊர் அந்தப் பாட்டியின் வாயில் இருந்தது. ஆகையால் வட்ட அலுவலகத்தில் அ-பதிவேடு என்ற நிலப் பதிவேட்டைப் பாருங்கள், கிடைத்தால் அதற்கு முந்திய பைமாசி என்ற பழைய நிலக் கணக்கையும் பாருங்கள், அதன் பிறகு ஆடு மேய்ப்பவரிடமும் கேளுங்கள். ஏரிக்கும் மதகுக்கும் அவர்கள் சொல்லும் பெயரை எழுதி வையுங்கள். தச்சன் காணி மாதிரி ஒரு நிலப்பெயர் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.

பழங்கற்படி எழுதியது:

நில அளவை ஐயா சொன்னதற்கு நான் தலைவணங்குகிறேன். கல்வெட்டுக்காரர்கள் செய்ய மறக்கிற வேலை இது.

பெயர் எப்படி நழுவும் என்பதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு தருகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவன் சேனாபதி கிருஷ்ணன் இராமன், பட்டப்பெயர் மும்முடிசோழ பிரமமாராயன். அவன் ஊர் வெண்ணாட்டு அமண்குடி ஆன கேரளாந்தகச் சதுர்வேதிமங்கலம். சதுர்வேதிமங்கலப் பெயரை வைத்துத் தேடினால் இன்று எங்கும் இல்லை. அரசன் வைத்த நீண்ட பெயர் உதிர்ந்துவிட்டது. அமண்குடி நின்றது, ஆனால் அதுவும் அம்மன்குடி ஆகிவிட்டது. சமணரை நினைவூட்டிய சொல் அம்மனாக மாறியதை ஊரார் யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. புரியாத சொல்லைப் புரியும் சொல்லாக நாக்கு திருத்திக்கொண்டது. கும்பகோணத்துக்கு அருகில் அந்த ஊர் இன்றும் இருக்கிறது. அங்கே நமக்கு வழி காட்டியது ‘வெண்ணாட்டு’ என்ற சொல்தான். எந்த நாட்டுப் பிரிவு என்று தெரிந்தால், அந்த நாட்டைச் சேர்ந்த மற்ற ஊர்கள் எங்கே என்று பார்த்து, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வரலாம். சுப்பராயலு அப்படி ஊர் ஊராகக் குறித்துத்தான் சோழ மண்டலத்து நாடுகளுக்கு வரைபடமே போட்டார்.

இன்னொரு எச்சரிக்கை. வளநாட்டுப் பெயரை வைத்து இவர் ஊரைத் தேடாதீர்கள். வளநாடு என்ற பிரிவு முதலாம் இராசராசன் ஏற்படுத்தியது. உத்தம சோழன் காலத்தில் அது கிடையாது. பிற்பாடு வந்த அரசர்கள் அந்தப் பெயர்களையும் மாற்றிக்கொண்டே போனார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ‘ஆலத்தூருடையான்’ என்ற அடைமொழியோடு வரும் எல்லோரையும் ஆட்பெயர்த் தொகுதிகளிலிருந்து எடுங்கள். ஒவ்வொருவரும் எந்தக் கோயிலில், எந்த ஆண்டில், எந்த நாட்டுப் பெயரோடு வருகிறார் என்று எழுதுங்கள். பட்டம் பெற்ற குடும்பம் ஒரே ஒரு கல்வெட்டோடு மறையாது. மகனோ தம்பியோ வேறொரு கோயிலில் விளக்கு நெய்க்காக ஆடு தானம் விட்டிருப்பான். அங்கே நாட்டுப் பெயரும் சேர்ந்து வந்தால் உங்கள் ஆலத்தூர் கிடைத்தது.

கல்தச்சர்_பேத்தி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. தொகுதிகள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. சனிக்கிழமை போகிறேன்.

ஒரு ஐயம். குணபத்தன் என்பதில் உள்ள ‘பத்தன்’, பொன் வேலை செய்யும் பத்தர் என்பதுதானா? அப்படியானால் கம்மாளர் குடி என்று ஆகிறதே. என் தாத்தா வழி.

பழங்கற்படி எழுதியது:

ஆசை புரிகிறது அம்மா. ஆனாலும் நான் அப்படிப் படிக்க மாட்டேன். பக்தன் என்ற சொல் தமிழில் பத்தன் ஆகும். தேவாரம் முழுக்கப் பத்தர்தான். இவருடைய இன்னொரு பெயர் என்ன? அரசரணசேகரன். அரன் சரணத்தைத் தலையில் சூடியவன். சிவபத்தியில் தோய்ந்த அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பத்தன் வந்தால் அடியான் என்றே பொருள் கொள்ள வேண்டும்.

இனிச் சொல்லப்போவது உங்களுக்கு இன்னும் கசக்கும். இவர் தச்சர் என்பதற்கே எனக்குச் சான்று தெரியவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தச்சனைச் சொல்லும்போது குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று தொழிலோடு சொல்கிறார்கள். நித்தவினோதப் பெருந்தச்சன் என்று இன்னொருவரும் வருகிறார். அங்கேயே பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியன் ஆன தென்னவன் மூவேந்தவேளானும் வருகிறான். அவன் கோயில் காரியம் பார்த்த அதிகாரி. மூவேந்தவேளான் என்பது அதிகாரிகளும் நிலக்கிழார்களும் பெற்ற பட்டம். நம்முடைய குணபத்தன் பட்டத்தால் ஆதித்தன் சூரியன் வரிசையில் நிற்கிறார், குஞ்சரமல்லன் வரிசையில் இல்லை. அரசியின் ஆணையை ஏற்று, பொன்னும் ஆளும் கல்லும் சேர்த்து, பணியை நடத்தி முடித்த பெரிய மனிதர் என்றே நான் கருதுகிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

இதை நான் ஏற்கவில்லை ஐயா. இவ்வளவு அழகான கோயிலை நடத்தி முடித்தவனுக்குக் கலை தெரியாமலா இருந்திருக்கும்? கோட்டத்துச் சிற்பங்களை, சுவர் மாடங்களில் இருப்பவற்றை, பார்த்தீர்களா? கணக்குப் பார்க்கும் அதிகாரிக்கு அந்தக் கண் வராது. திருவாவடுதுறையில் முதற்பராந்தகன் காலத்துக் கற்றளிப் பிச்சன் இருக்கிறானே, அவனையும் அதிகாரி என்பீர்களா?

பழங்கற்படி எழுதியது:

கலை தெரியாதவர் என்று நான் சொல்லவே இல்லை. கற்றளிமேல் பித்துக் கொண்டவன் என்று ஒருவனுக்குப் பெயரே வந்திருப்பது எனக்கும் நெகிழ்ச்சிதான். உளி அவர் கையில் இருந்ததா என்பது மட்டுமே என் கேள்வி. பட்டம் ‘இல்லை’ என்கிறது. சிற்பம் எதுவும் சொல்லவில்லை.

இது ஊர் தேடுவதையும் மாற்றிவிடுகிறது, கவனியுங்கள். தச்சர் என்றால் கல் உள்ள நாட்டில் தேடலாம் என்ற குடைவரைப்பித்தனின் வாதம் நிற்கும். நிலமுடைய அதிகாரி என்றால் நெல் விளையும் நாட்டில் தேட வேண்டும். பாறைக்குப் பதில் வாய்க்காலைப் பின்தொடர வேண்டும். வண்டல் நாட்டுக்குள்ளேயே, பெயர் தேய்ந்துபோன ஓர் ஆலத்தூரை நான் முதலில் தேடுவேன்.

கல்தச்சர்_பேத்தி எழுதியது:

இரண்டு நாள் இந்த இழைப் பக்கமே வரவில்லை. உண்மையைச் சொன்னால் அழுகை வந்தது. கல்லில் நின்ற ஒரே பெயரும் மேற்பார்வை பார்த்தவருடையது என்றால், வெட்டியவர்கள் எங்கே போனார்கள்? என் தாத்தாவுக்கு நேர்ந்ததுதான் ஆயிரம் ஆண்டுக்கு முன்னும் நேர்ந்ததா?

கடற்கரைக்கல் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சகோதரியின் கடைசிக் கேள்விக்காக எழுதுகிறேன். வெட்டியவர்கள் எல்லோரும் தொலைந்துவிடவில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரி என்று ஒரு சிற்றூர். மாமல்லபுரத்துக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அங்கே திரும்புவதில்லை. அங்கே நொண்டி வீரப்பன் குதிரைத் தொட்டி என்று மக்கள் சொல்லும் பாறையில் பல்லவர் கால எழுத்தில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாதப் பெருந்தச்சன். குணமல்லன். பய்யமிழிப்பான். சாதமுக்கியன். கலியாணி. கொல்லன் சேமகன். திருவொற்றியூர் அபாஜர்.

அரசன் பெயர் இல்லை, ஆணை இல்லை, அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி இல்லை. வெறும் பெயர்கள். மாமல்லபுரத்தில் வேலை செய்த சிற்பிகளின் பெயர்கள் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கொல்லன் இருப்பதைப் பாருங்கள். கருங்கல்லில் உளி சீக்கிரமே மழுங்கிவிடும். அதை உலையில் காய்ச்சித் தட்டிக் கூர் ஏற்றித் தர ஒருவன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவன் இல்லாமல் ஒரு சிற்பமும் எழாது. அவனையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஒருவர் தம் ஊரையும் சொல்லியிருக்கிறார், திருவொற்றியூர். இந்த ஊரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை.

கல்தச்சர்_பேத்தி எழுதியது:

கொல்லன் சேமகன். தாத்தா வேலைக்குப் போகும்போது கூடவே ஒரு கொல்லரும் போவார். அவருக்குத் தனியாக உலைக் கொட்டகை போட்டுக் கொடுத்த பிறகுதான் தாத்தா முதல் கல்லைத் தொடுவார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நன்றி என்று மட்டும் சொன்னால் போதாது.

மழநாட்டான் எழுதியது:

நானும் சில நாள் யோசித்தேன். மழவரையர் மகளார் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நானே இட்டு நிரப்பியிருக்கிறேன். ஊர் மலரில் குணபத்தன் எங்கள் ஊர்க்காரர் என்று போடப்போவதில்லை. கல்லும் இப்போதைக்கு இல்லை. இளைஞர்களுக்கு ஏமாற்றம்தான், நானே பேசிக்கொள்கிறேன்.

அதற்குப் பதிலாக, நில அளவை ஐயா சொன்னபடி எங்கள் ஊர் உட்கடைகள், ஏரி, மதகு, வயல், கரடு எல்லாவற்றின் பெயர்களையும் வயதானவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். முதல் ஞாயிற்றுக்கிழமையே நாற்பதுக்கு மேல் வந்துவிட்டன. பாதிக்கு எனக்குப் பொருள் தெரியாது. அதையே மலரில் போடுகிறோம்.

நில_அளவை எழுதியது:

அப்படிச் சொல்லுங்கள் தம்பி! பெயரை அவர்கள் உச்சரிக்கிறபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். எந்த வயல் எண்ணுக்கு அந்தப் பெயர் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து யாருக்கும் பயன்படாது.

கல்தச்சர்_பேத்தி எழுதியது:

நேற்று கோனேரிராஜபுரம் போய் வந்தேன். காவிரிக்கரை அண்ணன் வழி சொன்னார், கும்பகோணத்திலிருந்து காரைக்கால் சாலையில் எஸ். புதூர் போய் அங்கிருந்து உள்ளே. சிற்பம் நான் நினைத்ததைவிடச் சிறியது. கண்டராதித்தர் அமர்ந்து பூசை செய்கிறார், முகத்தில் அவ்வளவு அமைதி. எழுத்தை முதலில் படிக்க முடியவில்லை. வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. ‘ஆ’ தெரிந்தது. பிறகு ‘லத்தூ’. விரல் வைக்காமல் நின்று பார்த்தேன்.

அர்ச்சகர் பக்கத்தில் வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, ‘எந்த ஆலத்தூர் அம்மா?’ என்றார். மூன்று மாதமாக நான் கேட்கிற கேள்வியை அவர் என்னிடமே கேட்டார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆலமரப் பெயர் கொண்ட வயலோ வாய்க்காலோ உண்டா என்று நான் கேட்டேன். விவசாயம் பார்க்கும் இரண்டு பேரின் பெயரைச் சொல்லி, அறுவடை முடிந்தபின் வாருங்கள், கூட்டிப் போகிறேன் என்றார்.

கட்டுரையில் ‘ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன், செம்பியன் மாதேவியாரின் ஆணைப்படி இக்கற்றளியைக் கட்டியவர்’ என்று எழுதிவிட்டேன். மாவட்டம் போடவில்லை. தச்சர் என்றும் போடவில்லை. தொடரின் முதல் கட்டுரையாகப் பூஞ்சேரியை வைத்துவிட்டு இவரை இரண்டாவதாக நகர்த்தியிருக்கிறேன். ஆட்பெயர்த் தொகுதிகளில் முதல் தொகுதியைப் பாதி முடித்தாயிற்று. ஆலத்தூருடையான்களை ஒரு நோட்டில் தனியாக எழுதி வருகிறேன், முடிந்ததும் இங்கேயே பதிகிறேன்.

பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்து நண்பர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால், உங்கள் பகுதி ஆலத்தூரில் பழைய சிவன் கோயில் இருக்கிறதா, அதன் அதிட்டானத்தில், அதாவது அடித்தளத்தில், எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். சுண்ணாம்பு அடித்திருந்தால் சுரண்ட வேண்டாம், மாலை வெயிலில் படம் எடுத்தால் போதும்.